கிணற்று உறையில் ஆமைத் தொட்டி: இரண்டாவது தடவை நின்றது

கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் வளையங்களை, அதாவது உறைகளை, அடுக்கிக் கட்டிய ஆமைத் தொட்டி ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையையும் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. தளத்தில் விரிசல் இல்லை, இணைப்பில் கசிவு இல்லை, ஆமை உள்ளேதான் இருக்கிறது. முதல் தொட்டி போன வருடம் இதே மழைக்காலத்தில்தான் போனது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

ஆமை, கடைகளில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய குட்டியாக விற்கிறார்களே, அந்தச் சிவப்புக் காது ஆமை. பெண். இப்போது ஓடு 19 செ.மீ. இந்த இனத்தில் பெண் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும். கடைக்காரர் கையில் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாவும் அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் தென்னை மரமும் மூன்று மாதத்துக்குக்கூடத் தாங்காது.

நம் வயலிலும் வாய்க்காலிலும் கிடைக்கிற பாலாமைக்கோ, நட்சத்திர ஆமைக்கோ இந்தக் குறிப்பு பொருந்தாது. அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மடை திறக்கும்போது ஆமை அகப்பட்டால் அங்கேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

முதலில் கண்ணாடித் தொட்டி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 9 அங்குலம் தண்ணீர், ஏறக்குறைய 42 லிட்டர். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து ஹீட்டரும் வாங்கியாயிற்று. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்தில் அது முழுக்க வீண். மார்கழி விடியற்காலையில்கூட வீட்டுக்குள் இருந்த தண்ணீர் 23 டிகிரிக்குக் கீழே போகவில்லை. வளர்ந்த ஆமைக்கு 24 முதல் 28 வரை போதும், ஒரு டிகிரி குறைந்தால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே பிரச்சினை நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. சித்திரை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அதே தொட்டியில் 35 டிகிரி. 42 லிட்டர் தண்ணீருக்கு அறையின் சூட்டோடு போராடும் சக்தி கிடையாது. ஐஸ் கட்டி போட்டால் அரை மணி நேரத்தில் ஐந்து டிகிரி இறங்கி, இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிடக் கெடுதல்.

ஜன்னலோரம் வைத்த வெயிலும் உதவவில்லை. ஓடு கெட்டிப்பட ஆமைக்கு வேண்டியது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், வெறும் சூடுதான் உள்ளே வரும். திறந்த வெயிலில் வைத்தால் கதிர் கிடைக்கும், ஆனால் தண்ணீர் வெந்துவிடும். ஆக, வெயிலும் வேண்டும், அதே இடத்தில் சூடேறாத தண்ணீரும் வேண்டும். ஆழமும் கொள்ளளவும் இருந்தால்தான் அது நடக்கும். ஓடு ஒரு அங்குலத்துக்கு 40 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 19 செ.மீ. என்றால் ஏழரை அங்குலம், 300 லிட்டர். நம் வெயிலுக்கு அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்வதே சரி.

செங்கல் தொட்டியா உறையா என்று வந்தபோது உறையை எடுத்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. வட்டத்தில் மூலை கிடையாது. மூலை இருந்தால் ஆமை அதில் கையைக் காலை உந்தி மேலே ஏறும், அழுக்கும் அங்கேதான் தங்கும்.

முதல் தொட்டி 4 அடி உறை இரண்டு, ஒன்றரை அடி மண்ணுக்குள் புதைத்தது. மண்ணுக்குள் இருந்தால் குளிர்ச்சி என்பது யோசனை. யோசனை பலிக்கவும் செய்தது. வைகாசியில் அடித்தண்ணீர் 28 டிகிரி தாண்டவில்லை. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, பிறகு அடைமழையும் சேர்ந்தால் கொல்லையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கார்த்திகையில் ஒரு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இடம் அது. தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கழுவுவதற்காக முழுக்க இறைத்த அன்று தளம் நடுவில் வெடித்து, சேறு கலந்த தண்ணீர் கீழிருந்து ஊற்றெடுத்தது. கீழே ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் தளத்தைச் சதுர மீட்டருக்கு 300 கிலோ கணக்கில் மேலே தள்ளும். 2 அங்குலக் கான்கிரீட்டின் எடை 120 கிலோதான். கிணற்று உறைக்குத் தளம் கிடையாது, அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. நாம்தான் அதை மூடித் தொட்டியாக்குகிறோம்.

போதாததற்கு, கொல்லையில் தேங்கிய மழைத்தண்ணீர் தரையிலிருந்து அரை அடிதான் உயர்ந்திருந்த விளிம்பை எட்டப் பார்த்தது. இன்னும் நாலு விரற்கடை ஏறியிருந்தால் ஆமை நீந்தியே வெளியே போயிருக்கும், அங்கிருந்து பத்தடியில் வாய்க்கால். இந்த ஆமை வாய்க்காலில் போவது சின்ன விஷயமில்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இது இருக்கிறது. பாலாமைக்கும் காராமைக்கும் உள்ள இடத்தையும் இரையையும் இது பிடித்துக்கொள்ளும். வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்தில் விடுகிற வழக்கமும் நம் பக்கம் உண்டு. திருவாரூர்க் கமலாலயக் குளமானாலும் சரி, ஊர்க் குட்டையானாலும் சரி, அது புண்ணியக் கணக்கில் சேராது.

தை மாதம், அறுவடை முடிந்து நிலம் இறுகிய பிறகு, இரண்டாவது தொட்டி. பழைய உறைகளைத் தோண்டி எடுக்கும்போது ஒன்று உடைந்தது. மற்றொன்று பிற்பாடு வேறு வேலைக்கு ஆனது.

இடம் பார்த்தது இப்படி. காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை வெயில் விழவேண்டும், பன்னிரண்டுக்கு மேல் வீட்டுச் சுவரின் நிழலோ மர நிழலோ வரவேண்டும். தென்னை மரத்தின் கீழ் மட்டும் கூடாது. நிழல் நன்றாக இருக்கும், ஆனால் மட்டையோ தேங்காயோ ஒரு தடவை விழுந்தால் போதும்.

உறை இந்தத் தடவை 5 அடி விட்டம், 1 அடி உயரம், மூன்று. 2 அங்குலக் கனமுள்ள உறை ஒன்று ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் வரும். இறக்க நாலு ஆள் வேண்டும். இறக்கும்போது டயரின் மேல் சாய்த்து உருட்டினால் விளிம்பு தெறிக்காது. வாங்கும்போதே உள்பக்கம் விரலால் தட்டிப் பார்க்கவேண்டும், மயிர்க்கோடு விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும்.

மண் கரிசல் கலந்த களி. கோடையில் கைவிரல் நுழையும் அளவு வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் நேரே கான்கிரீட் போட்டால் தளம் மண்ணோடு ஆடும். அரை அடி மட்டும் தோண்டி, 4 அங்குலம் எம் சாண்ட் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு 3 அங்குலத் தளம், விட்டம் 6 அடி. தளத்தின் மேல்மட்டம் தரையோடு தரையாக, கொஞ்சம் உயரமாகவே வந்தது. அதாவது தொட்டியின் அடி நிலத்துக்குமேல் நிற்கிறது. குளிர்ச்சியில் ஒரு டிகிரியை இழக்கிறோம், தளம் தப்பிக்கிறது.

வடிகால் குழாயை அப்போதே வைத்துவிடவேண்டும். 2 அங்குல பிவிசி, வெளியே பால் வால்வு. இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. வழுவழுப்பான பிவிசியில் சிமெண்ட் ஒட்டவே ஒட்டாது. மாதம் மூன்று கழித்து அந்த இடத்தைச் சுற்றிக் கசியும். கான்கிரீட்டுக்குள் போகிற பகுதியை ஆக்சா பிளேடால் கீறி, பிவிசி பசை தடவி, ஈரம் காய்வதற்குள் சலித்த மணலை அப்பி ஒரு நாள் விட்டால் குழாய் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அதன்பிறகு சிமெண்ட் கவ்வும்.

உறைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்குமுன் விளிம்பை நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றி, 1:3 சிமெண்ட், மணல் கலவையில் உட்கார வைத்தோம். ஒவ்வொன்றையும் ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று. உள்தளம் கோழிவலை விரித்து 1:2:4, 2 அங்குலம், வடிகால் பக்கம் ஒரு அங்குலச் சரிவு. உள்பூச்சு அரை அங்குலம், 1:3, சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி நீர்த்தடுப்புத் திரவம் கலந்து. மேலே சிமெண்ட் பால் இழுத்து மழமழவென்று தேய்த்தது அழகுக்காக இல்லை. சொரசொரப்பாக விட்டால் ஆமையின் அடி ஓடு தேய்ந்து புண்ணாகும், அந்தப் புண்ணில் அழுகல் பிடிக்கும். எல்லா வேலைக்குமாக இரண்டு மூட்டை சிமெண்டில் கொஞ்சம் மீந்தது.

ஏழு நாள் சணல் சாக்கு போர்த்தி நனைத்தோம். பிறகு கசிவுச் சோதனை. தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, பக்கத்திலேயே ஒரு பக்கெட் தண்ணீரையும் வைத்து அதிலும் கோடு போடவேண்டும். 48 மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. தொட்டியில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. பக்கெட் வைக்காமல் பார்த்தவர்கள் வெயிலில் ஆவியானதைக் கசிவென்று நினைத்துப் பூச்சைக் கொத்தியிருக்கிறார்கள்.

புதுச் சிமெண்டின் காரம் போகாமல் ஆமையை விட்டால் கண் வீங்கும், தோல் உரியும். பிஹெச் தாள் முதல் நாள் 10-க்கு மேல் காட்டியது. மீன் தொட்டிக்காரர்கள் செய்கிறபடி வாழைத்தண்டை ஒரு முழம் ஒரு முழமாக வெட்டி, ஐந்தாறு துண்டு போட்டு நாலு நாள் ஊறவிட்டு வடித்தோம். மூன்று தடவை. நாலாவது நாள் நாற்றம் குடலைப் பிடுங்கும், அதற்கு வழியில்லை. மூன்றாவது தண்ணீரில் 8.5, பிறகு இரண்டு வெறும் தண்ணீர் மாற்றியதும் 8-க்கு வந்து நின்றது. ஆமை உள்ளே போனது, முதலில் தண்ணீர் நிரப்பியதிலிருந்து பதினெட்டாவது நாள்.

தண்ணீர் மட்டம் ஒன்றரை அடி, கொள்ளளவு ஏறக்குறைய 800 லிட்டர். அதற்கு மேலே விளிம்புவரை 15 அங்குலம் வெற்றுச் சுவர்.

வெயில் காயும் மேடைதான் அதிகமாகக் கைகொடுக்காமல் இழுத்தடித்தது. முதலில் கடப்பாக் கல். கறுப்புக் கல் பத்து மணிக்கே கை வைக்க முடியாத சூடு, ஆமை ஏறிப்பார்த்துவிட்டு இரண்டு விநாடியில் தண்ணீரில் விழுந்தது. அடுத்து, வழுக்காமல் இருக்கட்டும் என்று பலகையில் தேங்காய் நார் மிதியடி ஒட்டினோம். நாரைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தது, மிச்சம் பம்ப்பில் சுற்றிக்கொண்டது. பனஞ்சட்டம் கொல்லையில் கிடந்தது, ஆனால் சிலாம்பு ஏறும் என்பதால் அதைத் தொடவில்லை. கடைசியில் பூவரசம் பலகை. தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் உளுக்காது, சூடும் ஏறாது. 18 அங்குலத்துக்கு 12 அங்குலம், ஒரு அங்குலக் கனம். தண்ணீரைவிட 3 அங்குலம் உயரத்தில், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆங்கிளில் முடுக்கியது. ஏறுபலகை 30 டிகிரிச் சரிவு, குறுக்கே ஒரு அங்குலத்துக்கு ஒன்றாக அரத்தால் வரி போட்டது. கீழ் நுனி தண்ணீருக்குள் 5 அங்குலம் இறங்கியிருக்கவேண்டும். நுனி மேல்மட்டத்திலேயே நின்றால் ஆமைக்கு அதில் கால் வைக்க முடியாது, சுற்றிச் சுற்றி நீந்தி ஓய்ந்துபோகும்.

மேடை முதலில் கிழக்குப் பக்கம் இருந்தது. மதிய வெயில்தான் விழுந்தது, அந்த நேரத்தில் ஆமை ஏறவே இல்லை. காலை வெயில் விழும் மேற்குச் சுவரோரம் மாற்றிய மறுநாளே ஏழே முக்காலுக்கு ஏறிக் கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்தது. தொட்டியில் மேடை இல்லாத பாதிக்குத் தென்னங்கீற்று. தகரம் போட்டுப் பார்த்ததில் தகரத்தின் அடிப்பக்கச் சூடே தண்ணீரை ஏற்றியது. கீற்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டியதுதான், இருந்தாலும் அதற்கு ஈடில்லை. இந்தச் சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தண்ணீர் 31, அடித்தண்ணீர் 29. ஆமை அந்த நேரத்தில் அடியில், நிழல் பக்கம்தான் கிடக்கிறது.

மூடி இல்லாமல் ஒரு நாள்கூட விடக்கூடாது. காக்கை, பூனை, கீரி மூன்றும் நம் கொல்லைக்கு வாடிக்கையாளர்கள். ஒரு அங்குலக் கண்ணுள்ள ஜிஐ வெல்டட் வலை, சுற்றிலும் முக்கால் அங்குல ஆங்கிள், நடுவில் கீல் வைத்து இரண்டு பாதி, இரண்டு பக்கமும் கொண்டி. பாலிகார்பனேட் தகடு போட்டால் மழையைத் தடுக்கும், கூடவே கதிரையும் தடுத்துவிடும். கொண்டியோடு நாலு இடத்தில் உறையில் துளைபோட்டுக் கம்பியாலும் கட்டியாயிற்று. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது இந்தப் பக்கத்தில் எந்தெந்தக் கனமான சாமான்கள் பறந்தன என்று பார்த்தவர்களுக்கு இது அதிகப்படியாகத் தெரியாது.

வடிகட்டி: 50 லிட்டர் நீல டிரம். அடியில் பிளாஸ்டிக் பாத்திரம் தேய்க்கும் நார் முப்பது, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் சிப்ஸ் எனப்படும் பொடி ஜல்லி, அதில் வெட்டிவேர் நாற்று பத்து. பம்ப் மணிக்கு 2,000 லிட்டர், 40 வாட். நாள் முழுக்க ஓடினால் 0.96 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 58 யூனிட் ஏறும். ஆமையின் கழிவுக்கு இந்த அளவு பம்ப் இல்லாமல் முடியாது. டிரம்மில் தண்ணீர் கீழிருந்து ஏறி, மேலே வழிந்து தொட்டியில் விழுகிறது. வழியும் துளையை ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே போடவேண்டும். முதலில் மேலே போட்டதால் ஜல்லிமீது விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி, ஒரே வாரத்தில் கொசுப்புழு. பம்ப்பின் வாயில் வைத்த ஸ்பாஞ்சை ஆமை கடித்துத் தின்றது. பம்ப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கட்டிய பிறகு தொல்லை இல்லை. வயர் சுவரோரமாகக் குழாய்க்குள் போகிறது. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பு (ஆர்சிசிபி) இல்லாமல் இந்தப் பம்ப்பைத் தண்ணீரில் இறக்கக்கூடாது. செலவில் இதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள், வெட்டக்கூடாதது இது ஒன்றுதான்.

மழைக்கு வழிகுழாய் இரண்டு, ஒன்றரை அங்குலம், வாயில் வலை. ஒன்றுதான் வைத்திருந்தோம். ஒரு ராத்திரி மழையில் முருங்கை இலை வலையை அடைத்து, விடிகாலையில் தண்ணீர் 6 அங்குலம் ஏறி மேடை முங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று வைத்தாயிற்று. வடிகாலும் வழிகுழாயும் வாழைக் குழியில் முடிகின்றன, வாய்க்காலில் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை 200 லிட்டர் வடித்துப் புதுத் தண்ணீர் விடுகிறோம். அந்தத் தண்ணீர் குடித்த வாழை இலையின் அகலத்தைப் பார்த்தால் ஆமை எவ்வளவு கழிக்கிறது என்று புரியும். ஊராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்த அண்டாவில் வெயிலில் வைக்கவேண்டும். போர்த்தண்ணீரை ஒரு ராத்திரி பக்கெட்டில் வைத்துப் பார்க்கலாம், காலையில் செம்மண் நிறம் கட்டினால் இரும்பு, வடிகட்டியைச் சீக்கிரம் அடைக்கும்.

தீவனத்தைத் தொட்டிக்குள் போடாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பில் இருபது நிமிடம் வைத்துக் கொடுத்தால் தொட்டி அழுக்காவது பாதியாகக் குறைகிறது. வளர்ந்த ஆமைக்குப் பெரும்பகுதி பச்சைதான். மாட்டுக்காக வளர்க்கும் அசோலாவில் ஒரு கைப்பிடி, வள்ளைக்கீரை, வாரம் இரண்டு நாள் பச்சை இறால். கருவாடு போடவே கூடாது, உப்பு. வாய்க்காலில் மிதக்கும் வெங்காயத்தாமரையை அள்ளிவந்து போடாதீர்கள், வயலில் அடித்த மருந்தும் அட்டையும் கூடவே வரும். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கணவாய் ஓடு கிடைக்கிறது. ஒரு துண்டு மிதக்கவிட்டால் கொறித்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்துக்கு அது போதும். தொட்டியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக்கூடாது. சால்மோனெல்லா இந்த ஆமைகளில் சாதாரணம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்க 1975-ல் தடை வந்ததே இதற்காகத்தான். டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் வேண்டாம்.

செலவு: உறை மூன்று 3,600, வண்டி 900, சிமெண்ட் 800, எம் சாண்டும் ஜல்லியும் 1,500, கொத்தனாரும் சித்தாளும் ஒன்றரை நாள் 2,700, குழாய், வால்வு 850, பம்ப் 1,150, டிரம், நார் 700, வலை மூடி 2,200, கசிவுத் துண்டிப்பு 1,750, வெப்பமானி, பிஹெச் தாள் 350. கூட்டினால் 16,500 ரூபாய். பலகை வீட்டில் கிடந்தது. கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், புதைத்த முதல் தொட்டி இவற்றில் போனது தனிக்கணக்கு, அது ஏழாயிரத்தைத் தாண்டும்.

உடையாமல் தப்பிய பழைய 4 அடி உறை, பக்கத்தில் தளமில்லாமல் வைத்து, 10 அங்குலம் ஆற்று மணல் நிரப்பியிருக்கிறது. ஆண் ஆமை இல்லாவிட்டாலும் பெண் முட்டை வைக்கும். மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். இரை எடுக்காமல், தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, மேடையில் பின்னங்காலால் பறித்தால் அதுதான் அடையாளம். மணலைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரமாக்கி, ஆமையைத் தூக்கி அதில் விட்டுவிட்டு, மேலே வலையைப் போட்டு, ஆள் நடமாட்டமில்லாமல் விடவேண்டும். பங்குனியில் ஒரு மத்தியானம் அப்படி விட்டதில் ஏழு முட்டை. மணல் முதலில் 6 அங்குலம்தான் இருந்தது. குழி களிமண்ணை எட்டியதும் பறிப்பதை நிறுத்திவிட்டது. கூடுதலாக 4 அங்குலம் கொட்டிய பிறகுதான் வைத்தது.

இனி ஒரு தடவை கட்டினால் வடிகாலை 2 அங்குலத்துக்குப் பதில் 3 அங்குலமாக வைக்கவேண்டும். ஏறுபலகைக்குக் கீழே சேரும் கசடு 2 அங்குலக் குழாயில் இழுக்கவில்லை, மாதம் ஒரு தடவை கையை விட்டுத்தான் அள்ளவேண்டியிருக்கிறது.